புயலுக்குப் பிறகு மட்டை: நார் மில் வைத்திருப்பவர்களுக்கு

புயல் அடித்த மறுவாரம் மட்டைத் தட்டுப்பாடு வராது. (மட்டை என்று நான் சொல்வது, நார் எடுக்கிற தேங்காய் மட்டை.) மலிவாகக் குவியும். தட்டுப்பாடு வருவது மூன்று நான்கு மாதம் கழித்து, நிவாரண லாரிகள் எல்லாம் திரும்பிப் போன பிறகு. வந்தால் வருடக்கணக்கில் நிற்கும். 2018 கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கம் எந்த மில் ஓடியது, எந்த மில் கதவு சாத்தியது என்பதை முடிவு செய்தது முக்கியமாக இந்த இடைவெளியை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான்.

நான் பேராவூரணிப் பக்கம் ஒரு நார் மில்லில் கொள்முதலும் கணக்கும் பார்க்கிறேன். மில் மாமனார் போட்டது. மெஷின் வீட்டுக்காரர் பொறுப்பு. தோப்புக்காரர்களிடம் பேசுவது, லோடு பார்ப்பது, பணம் பட்டுவாடா எல்லாம் என் தலையில். அதனால் இங்கே மெஷினைப் பற்றி அதிகம் இருக்காது. மட்டையைப் பற்றியும் மட்டை தருகிற மனிதர்களைப் பற்றியும்தான் இருக்கும்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு நிற்கவில்லை. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, அந்தப் பக்கம் ஆலங்குடி, கீரமங்கலம் வரை உள்ளே புகுந்து தென்னையைச் சாய்த்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் அப்படி இல்லை. மரத்தை நம்பித் தொழில் செய்கிற எல்லோருக்கும் கணக்கு இதேதான். 2011 டிசம்பரில் தானே புயலில் முந்திரி மரங்களை இழந்த பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

முதல் வாரம்: கையில் என்ன இருக்கிறது?

ரோடு திறந்ததும் எல்லோரும் செய்வது, யாரிடம் மட்டை கிடைக்கும் என்று அலைவது. அதற்கு முன்னால் யார்டைப் பாருங்கள். இருப்பை மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள்: இன்றே ஓட்டக்கூடியது, காயவைத்தால் ஓட்டக்கூடியது, போனது. பிறகு பக்கத்தில் ஆர்டர்களை எழுதிப் பாருங்கள். "நிறைய இருக்கு" என்பது இருப்பு அல்ல. "கையில் இருக்கிற நார் இந்த இரண்டு ஆர்டருக்குப் போதும், மூன்றாவதற்குப் பாதி" என்பதுதான் இருப்பு.

எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். தேதி தெரிகிற மாதிரி, நாலு பக்கமும், கூரை பறந்த ஷெட்டுக்குள் நனைந்து கிடக்கிற பேல்களை, அதாவது அழுத்திக் கட்டிய நார்க் கட்டுகளை, எண்ணக்கூடிய மாதிரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் சொல்லி, சர்வேயர் வருகிறவரை குவியலை அப்படியே விடுங்கள். தீ விபத்து பாலிசியிலேயே புயல், வெள்ளம் சேர்ந்திருக்கும் பெரும்பாலும். இருந்தாலும் பாலிசித் தாளை எடுத்து ஒருமுறை படியுங்கள். இருபது லட்சம் சரக்குக்குப் பத்து லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்திருந்தால், ஆறு லட்சம் சேதத்துக்கு மூன்று லட்சம்தான் கணக்கில் வரும். பாலிசித் தொகைக்குள்தானே சேதம் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை, விகிதம் போட்டுத்தான் தருவார்கள். இன்னொன்று: மட்டை வரத்து நின்றதால் மில் மூடிக்கிடந்த நஷ்டத்துக்கு இந்தப் பாலிசி பொறுப்பேற்காது. அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

கூரை போட ஆள் கிடைத்தால் முதலில் நார் ஷெட்டுக்குப் போடுங்கள். ஆபீஸ் ரூம் காத்திருக்கட்டும். மட்டை நனைந்தால் காயும். பேல் போட்ட நார் உள்ளுக்குள் நனைந்தால் சூடேறிக் கறுத்து, பிரித்துக் காயவைத்தாலும் பழைய விலைக்குப் போகாது.

குவிகிற மட்டையை என்ன செய்வது?

விழுந்த மரத்தில் இருந்த காய் அத்தனையும் ஒரே சமயத்தில் தரைக்கு வந்துவிடும். தோப்புக்காரருக்குக் கையில் பணம் இல்லை, வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுப்பார். ஒரு வருடத்தில் எட்டு வெட்டாக வரவேண்டிய மட்டை ஒரே மாதத்தில் யார்டு வாசலில் நிற்கும். விலை படுத்துவிடும். இப்போது வாங்குவதா வேண்டாமா?

வாங்குங்கள். ஆனால் அந்தக் குவியலில் கணிசமானது கயிறுக்கு உதவாததாக இருக்கலாம். ஏனென்றால் வழக்கமான வெட்டில் முற்றிய குலைதான் இறங்கும். புயல் முற்றியது இளசு என்று பார்க்காது. ஆறு மாதக் காயும் எட்டு மாதக் காயும் சேர்ந்தே வரும்.

லோடு பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சமயத்தில் பணம் அதிகம் ஓட்டையாவது இந்த இடத்தில்தான். லாரி வந்ததும் மேலடுக்கைப் பார்த்து விலை பேசாதீர்கள். மேலடுக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பின்கதவைத் திறந்து கொஞ்சம் சரியவிட்டு, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு மட்டை எடுங்கள். ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கமிருந்து கிழியுங்கள். பத்து மாதம் தாண்டிய காயின் மட்டை லேசில் கிழியாது. கிழிந்தால் நார் ஒரு சாணுக்குப் பக்கத்தில் நீளமாக, முரடாக வரும். இளங்காய் மட்டை சதைப்பற்றோடு வெளுப்பாகப் பிய்ந்து வரும். அந்த நாரை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் அது கயிறுக்கு ஆகாது. பத்தில் மூன்றுக்கு மேல் அப்படி இருந்தால் நான் எண்ணிக்கைக் கணக்கில் வாங்கவே மாட்டேன்.

வேறு எந்தக் கணக்கில்? நார்க் கணக்கில். நல்ல முற்றிய மட்டை 1,000 போட்டால் ஏறக்குறைய 80 கிலோ நார் வரும். சந்தேகமான லோடில் 500 மட்டையை மட்டும் தனியாக ஓட்டி, நாரைக் காயவைத்து எடை போடுங்கள். 40 கிலோ வரவேண்டியது 28 கிலோதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான விலை மட்டை ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்றால், ஒரு டன் நாருக்கு 12,500 மட்டை, 12,500 ரூபாய். இந்த லோடில் ஒரு டன்னுக்கு 17,900 மட்டை வேண்டும். "அக்கா, எழுபது பைசாவுக்குத் தர்றேன், அள்ளிப் போட்டுக்கங்க" என்று லாரி அண்ணன் சொன்னால், 17,900-ஐ எழுபது பைசாவால் பெருக்குங்கள். அதே 12,500 ரூபாய்தான் வருகிறது. அதிகமாக ஓட்டிய ஐயாயிரம் மட்டைக்கு டீசலும் கூலியும் உங்கள் தலையில். மலிவு என்பது அங்கே வெறும் தோற்றம்.

டீசல் என்றதும் இன்னொன்று. கஜாவில் மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின்வாரிய ஆட்கள் வந்து வேலை செய்தும், கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. அப்போது ஜெனரேட்டரில் முழு மில்லையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நார் எடுக்கிற லைன் மட்டும் போதும். நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூளான பித்தைக் கட்டியாக அழுத்துகிற பிரஸ், சல்லடை எல்லாம் நிற்கட்டும், பித்து எங்கும் ஓடிவிடாது. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோ நார் விழுகிறது என்று முதல் நாளே அளந்து எழுதுங்கள். அந்த எண் தெரியாமல் வாங்குகிறவருக்கு விலை சொல்லக்கூடாது. எங்கள் ஜெனரேட்டர் காலையில் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிவிட்டுத்தான் மில்லுக்கு வந்தது. இதைத் தியாகம் என்று சொல்லவில்லை, தண்ணீர் இல்லாத ஊரில் வேலைக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள்?

ஓட்ட முடியாததைச் சேமிக்க வேண்டும். பச்சை மட்டையையும் காய்ந்த மட்டையையும் ஒரே குவியலில் போடாதீர்கள். முற்றிக் காய்ந்த மட்டை மாதக்கணக்கில் தாங்கும். குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே ஒரு லாரி போகிற அகலம் விடுங்கள். தை, மாசியில் வெயில் ஏறியதும் ஒரு பீடித் துண்டு போதும். இடம் கொஞ்சமாக இருந்தால் மட்டையாக வைப்பதைவிட நாராக்கிப் பேல் போட்டு வைப்பதுதான் லாபம். மட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நார், மீதி பித்து.

கடல்நீர் ஏறிய தோப்புகளிலிருந்து வருகிற மட்டையைத் தனியாக வையுங்கள். நாருக்கு அதனால் பெரிய கேடு இல்லை. பித்துக்குத்தான் ஆபத்து. செடி வளர்க்க வாங்குகிறவர்கள் உப்பு அளவு பார்த்துத்தான் வாங்குவார்கள். கழுவிய பித்துக்கு ஈ.சி. (உப்பைக் காட்டுகிற மின்கடத்தும் அளவு) 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். ஈ.சி. மீட்டர் சின்னது, பேனா மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் சொல்கிற அதே விகிதத்தில் பித்தையும் சுத்தமான நீரையும் கலந்து பாருங்கள். விகிதம் மாறினால் எண் மாறும், அப்புறம் அவர் லேபும் உங்கள் மீட்டரும் சண்டை போடும். புயல் நேரத்தில் போர்வெல்லில் தண்ணீர் எடுக்கக் கரண்ட் இருக்காது. அப்படியிருக்க உப்பு ஏறிய பித்தைக் கழுவுவது எப்படி? எனவே லோடு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வதை விடாதீர்கள்.

நிற்கிற மரத்தை எண்ணுங்கள்

யார்டு நிறைந்து கிடக்கும்போதே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். அப்போது யாருக்கும் தோன்றாது என்பதுதான் சிக்கல்.

உங்களுக்கு மட்டை தருகிற தோப்பு ஒவ்வொன்றுக்கும் போங்கள். நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: மொத்த மரம், விழுந்தது, சாய்ந்து நிற்பது, கொண்டை திருகியது, நல்ல மரம். ரோட்டிலிருந்து பார்த்தால் கொண்டை திருகிய மரமும் நல்ல மரமும் ஒரே மாதிரி தெரியும். கிட்டப் போய் அண்ணாந்து பாருங்கள். கொண்டை திருகிய மரத்தில் ஓலைகள் எல்லாம் காற்றடித்த பக்கமாக ஒதுங்கி, பாளை முறிந்து தொங்கும். அடியில் குரும்பை கொட்டிக் கிடக்கும். அது உயிரோடு இருக்கும். ஆனால் ஒரு வருடத்துக்கு, சில சமயம் அதற்கும் மேல், காய் எதிர்பார்க்க முடியாது. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம் ஆகிறது, நடுவில் முறிந்தால் கணக்கு முதலிலிருந்து.

ஒரு தோப்பில் 100 மரம் என்று வையுங்கள். 70 விழுந்துவிட்டது. நிற்கிற முப்பதில் 12 கொண்டை திருகியவை. மிச்சம் 18. மரத்துக்கு வருடம் நூறு காய் என்றால், 10,000 மட்டை வந்த தோப்பிலிருந்து இனி 1,800. "முப்பது மரம் நிக்குதே" என்று தோப்புக்காரர் சொல்வார், உண்மைதான். நீங்கள் பதினெட்டை எழுதிக்கொள்ளுங்கள். எல்லாத் தோப்பையும் இப்படிக் கூட்டினால், வரும் வருடத்தில் மாதம் எத்தனை மட்டை வரும் என்ற எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் தூக்கம் போகும். போகட்டும், அதை வைத்துத்தான் மற்ற முடிவெல்லாம்.

புதிதாக நடுகிறார்களே என்று நம்பியிருக்க முடியாது. நெட்டை காய்க்க ஆறு ஏழு வருடம், ஒட்டு ரகம் நான்கு வருடத்துக்குப் பக்கம். வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும், ஒரே நேரத்தில் எல்லோரும் கன்று கேட்டால் நாற்றங்காலுக்கும் ஒரு எல்லை உண்டு. சிலர் தென்னையே வேண்டாம் என்று வேறு பயிருக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

மீதி நிற்கிற மரத்துக்கு அடுத்த எதிரி காண்டாமிருக வண்டு. விழுந்த மரம் மக்கினால் அதற்குள்தான் முட்டையிடும். கொண்டை காயப்பட்ட மரத்தில் சிவப்புக் கூன்வண்டும் சேர்ந்துகொள்ளும். தோப்புக்காரருக்கு இதைச் சொல்லுமுன் நம் யார்டைப் பார்க்க வேண்டும். மில்லுக்குப் பின்னால் வருடக்கணக்காகக் கிடக்கிற பழைய பித்துக் குவியலை மண்வெட்டியால் கிளறிப் பாருங்கள். விரல் பருமனில் வெள்ளைப் புழு வளைந்து கிடக்கும். நம் குவியலில் வளர்ந்த வண்டு நமக்கு மட்டை தருகிற மரத்தையே தின்கிறது. குவியலைப் புரட்டிப் போட்டுப் புழுவைப் பொறுக்குங்கள், புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை வாங்கிக் கலந்துவிடுங்கள். தோப்புக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்க விரும்புகிறவருக்கு மில்லே பாதி விலை போடலாம். கொள்முதல் செலவில் இது ஒரு தூசு.

தோப்புக்காரரிடம் பேசுவது

எங்களுக்கு நெடுநாளாக மட்டை தருகிற ஒரு ஆச்சியிடம் போய், "ஆச்சி, அடுத்த வெட்டுக்கு முன்பணம் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"பணத்தை வச்சு நான் என்னத்தா பண்ண? மரம் பூரா வாசல்ல கெடக்கு. அறுக்க ஆளும் மெஷினும் இருந்தா அனுப்பு" என்றார்.

அன்றைக்கு அந்த ஊரில் பணத்தைவிட அரிதாக இருந்தது பவர் சாவும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும்தான். வாடகைக்கு எடுத்து அனுப்பினோம். அறுத்த பிறகு காயை உரித்து, மட்டையை எங்கள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். முன்பணம் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் மட்டை வந்திருக்காது. நம்மிடம் இருக்கிற ஆளும் வண்டியும் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள், பணத்தைப் பிறகு.

ஒரு எச்சரிக்கை. அறுக்கும் முன் கணக்கெடுப்பு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். கஜாவில் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500. வி.ஏ.ஓ. எண்ணுவதற்கு முன் நாம் அறுத்து லாரியில் ஏற்றிவிட்டால், அந்தப் பணம் போனதற்குக் காலத்துக்கும் நம்மைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான்.

விலையை ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே முடிவு செய்யப் பார்க்காதீர்கள். மட்டை குவிந்து கிடக்கும்போது அந்த விலை உங்களுக்கு இனிக்கும். ஆறு மாதம் கழித்து வெளி விலை இரண்டு மடங்கானால் யாரும் பழைய விலைக்குத் தரமாட்டார்கள், எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும். அன்றைய விலை, அதற்கு மேல் மட்டைக்கு ஐந்து பைசா, அன்றே பணம். எங்கள் ஏற்பாடு இதுதான். முன்பணமும் ஒரு வெட்டுக்கு மேல் கொடுப்பதில்லை. பாக்கி வைக்காத மில்லுக்குத்தான் தட்டுப்பாட்டில் மட்டை வரும்.

வெளியூர் சரக்கு

தட்டுப்பாடு தொடங்கியதும் எல்லோரும் பொள்ளாச்சிக்கு போன் போடுவார்கள். இங்கிருந்து 300 கிலோமீட்டர் அளவு. மட்டையை அவ்வளவு தூரம் ஏற்றினால் வாடகையில் பெரும்பகுதி பித்துக்கும் காற்றுக்கும்தான் போகும். தொலைவிலிருந்து மட்டை வாங்காதீர்கள், நாராக வாங்குங்கள். உங்கள் நார் எடுக்கிற மெஷின் சும்மா நிற்கும், உண்மை. ஆனால் கயிறு திரிக்கிற மெஷின் ஓடும், பேல் பிரஸ் ஓடும், ஆட்களுக்கு வேலை இருக்கும், வாங்குகிறவருக்குச் சரக்கு போகும். மில்லை ஒரு படி கீழே இறக்கி ஓட்டுவது என்று வையுங்கள். லாபம் மெலியும், ஆனால் மில் நிற்காது.

நாரை எடைக்கு வாங்கும்போது ஈரம் பாருங்கள். ஈரப்பத மீட்டரைப் பேலின் நடுவில் குத்தி, மூன்று நான்கு பேலில் அளந்து சராசரி எடுங்கள். 15 சதவீதத்துக்கு மேல் போனால் எவ்வளவு கழிப்பது என்பதை ஏற்றுமுன் போனிலேயே பேசி முடியுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது பேசினால் டிரைவர் பாவம், நடுவில் மாட்டிக்கொள்வார். மண்ணும் பாருங்கள்: ஒரு பேலைத் தார்ப்பாயில் பிரித்துப் போட்டுக் கம்பால் அடித்து, கீழே விழுந்ததை எடை போட்டால் தெரிந்துவிடும்.

எந்த ஊரிலிருந்து வாங்குவது என்பதில் ஒரு யோசனை. கடலோர ஊர்களை மட்டும் நம்பக்கூடாது. கஜாவுக்கு ஒரு மாதம் முன்னால், 2018 அக்டோபர் 11-இல், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்து உத்தானம் தென்னையைத் தித்லி புயல் அடித்துப் போட்டது. அதற்கு முந்தைய வருடம் ஒக்கி கன்னியாகுமரியை. புயலுக்குப் பதில் தேடி இன்னொரு புயல் பாதையில் போய் நிற்கக் கூடாது. கடலைவிட்டுத் தள்ளிப் பொள்ளாச்சி, உடுமலை, கர்நாடகத்தில் திப்டூர், அரசிக்கெரே இருக்கின்றன. பொள்ளாச்சியிலும் 2016-லிருந்து சுருள் வெள்ளை ஈ தொல்லை இருக்கிறது, அதனால் அங்கேயும் ஒரே ஆளை நம்ப வேண்டாம். திப்டூரில் காயை முழுசாக மாதக்கணக்கில் மச்சில் போட்டு உருண்டைக் கொப்பரை ஆக்குகிறார்கள். அந்த மட்டை நன்றாக முற்றி வற்றியது, நார் பழுப்பாக, விறைப்பாக இருக்கும். வெள்ளை நார் கேட்கிறவருக்கு அதைக் கலந்து அனுப்பினால் திரும்பி வரும். முதலில் ஒரு சின்ன லோடு வரவழைத்து, உங்கள் மெஷினில் ஓட்டி, வாங்குகிறவருக்குச் சாம்பிள் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள்.

வாங்குகிறவர்களிடம்

சரக்கு தாமதமாகும் என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் சொல்லுங்கள். எவ்வளவு கையில் இருக்கிறது, எப்போது எவ்வளவு அனுப்ப முடியும், எதை அனுப்ப முடியாது. மூன்று வரி போதும். புயல் போட்டோவாக அனுப்பிப் பரிதாபம் தேட வேண்டாம். சீனாவில் இருக்கிறவருக்குத் தூத்துக்குடியில் எந்தத் தேதியில் கன்டெய்னர் ஏறும் என்பதுதான் வேண்டும்.

எல்.சி. (வாங்குகிறவரின் பேங்க் பணத்துக்குத் தருகிற உத்தரவாதக் கடிதம்) இருந்தால் அதில் கடைசி ஷிப்மென்ட் தேதி என்ன என்று அன்றே பாருங்கள். தாண்டும் என்று தெரிந்தால் தேதியை நீட்டித் திருத்தம் போடச் சொல்லி வாங்குகிறவரிடம் கேட்டு, திருத்தம் வந்த பிறகு சரக்கு ஏற்றுங்கள். "பரவாயில்லை, ஏத்துங்க" என்று அவர் போனில் சொன்னது பேங்குக்குத் தெரியாது. பேங்க் தாளைத்தான் பார்க்கும். ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்றம் பற்றிய பிரிவு இருக்கிறதா என்றும், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் பாருங்கள். மட்டையே இல்லை என்பதும், மட்டை விலை ஏறிவிட்டது என்பதும் வேறு வேறு. விலை ஏற்றத்தை மட்டும் சொல்லி அந்தப் பிரிவுக்குள் ஒதுங்க முடியாது.

இருக்கிற சரக்கை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். எல்லோருக்கும் பாதி அனுப்பினால் எல்லோரும் வேறு ஆள் தேடுவார்கள். ஒழுங்காகப் பணம் தருகிறவர், நம்மை விட்டால் அவர் மெஷின் நின்றுவிடும் என்கிறவர், இவர்களுக்கு முழுசாக. மற்றவர்களுக்கு, அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளும்படி நாமே சீக்கிரம் சொல்லிவிடுவது மரியாதை. விலை ஏற்றும்போது மட்டை, டீசல், லாரி வாடகை மூன்றுக்கும் பழைய விலை, புது விலை என்று ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். இறங்கும்போது இறக்குவேன் என்றும் எழுதுங்கள், இறக்கவும் செய்யுங்கள்.

பேங்க், ஆட்கள்

சி.சி. கணக்கில் (சரக்கை ஈடாக வைத்துப் பேங்க் தருகிற கடன்) எடுக்கக்கூடிய தொகை மாதாந்திர சரக்கு இருப்பைப் பொறுத்தது. தட்டுப்பாடு வரும்போது இருப்பு இறங்கும், அதோடு எடுக்கக்கூடிய பணமும் இறங்கும். விலையோ ஏறியிருக்கும். இது மூன்றும் ஒன்றாக நடக்கும் என்பதை முன்பே மேனேஜரிடம் உட்கார்ந்து, அந்த மரக் கணக்கு நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். தற்காலிகக் கூடுதல் லிமிட்டையும், கடன் தவணையை மாற்றி அமைப்பதையும் அப்போதே எழுத்தில் கேளுங்கள். பேரிடர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

வேலை பார்க்கிற பெண்களில் பாதிப் பேர் வீடு கூரையில்லாமல் நிற்கும். முதல் வாரம் வேலைக்கு வரச் சொல்லாமல், தார்ப்பாயும் ஒரு வாரக் கூலியும் கொண்டுபோய்க் கொடுங்கள். கூலியை முன்பணம் என்று எழுதி மாதாமாதம் பிடித்தால் போதும், இனாம் என்று காட்டி அவர்களைக் கூச வைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஐப்பசிக்கு முன்

புயல் மாதங்கள் நமக்குத் தெரியும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாத ஆர்டருக்கான நார் பேலாக, தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல், இன்ஷூரன்ஸ் தொகைக்குள் இருக்கட்டும். டீசல் டிரம், தார்ப்பாய், கயிறு, பவர் சா வாடகைக்காரர் நம்பர். நம்பர்கள் எல்லாம் காகிதத்திலும் இருக்கட்டும். டவர் விழுந்த பிறகு போனில் இருப்பதைப் பார்க்க சார்ஜ்கூட இருக்காது.

கடலைவிட்டுத் தள்ளிய ஊர்களில் இரண்டு பேரிடம் நல்ல காலத்திலும் கொஞ்சம் நார் வாங்கிக்கொண்டே இருங்கள். நம்மூர் நாரைவிட விலை கூடத்தான் வரும். வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் பில்லைப் பார்த்து, "இது எதுக்கு நமக்கு?" என்று கேட்பார். புயலுக்குப் பிறகு போன் போடுகிற நூறு பேரில் அந்த வியாபாரி யாருக்கு முதலில் லோடு அனுப்புவார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.